மூன்றாம் ஓலை

தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகளில் எனக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பப் பெயர்தான். அதில் அதிசயமில்லை; எங்கள் கடற்கரையில் கல்லை விட்டெறிந்தால் அந்தப் பெயர்க்காரன் தலையில்தான் விழும். போதாக்குறைக்கு எனக்கு என் பூட்டனுடைய பெயரையே ‘அம்மாள்’ சேர்த்து வைத்திருந்தார்கள். பள்ளியில் ஒரே வகுப்பில் அதே பெயரில் நாங்கள் ஐந்து பேர். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காது.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாதா கோயிலில் கலியாண ஓலை வாசிப்பார்கள். இரண்டாம் ஓலை முடிந்ததும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சாமியாரிடம் போனார். “சாமி, ரெண்டு வீட்டுப் பூட்டனுக்கும் ஒரே பேரு. ஒரே ஆளாத்தான் இருக்கணும். அப்போ இதுக அண்ணன் தங்கச்சில்லா?”

மறுத்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பூட்டன், அப்பா பிறக்கும் முன்பே முத்துக் குளிக்கப் போய்க் கடலோடு போனவர். விசாரிக்காமல் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது என்றுவிட்டார் சாமியார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் வாயில் ஒரு கூடை உப்பைக் கொட்டியிருப்பேன்.

மறுநாள் அப்பாவும் நானும் கோயில் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போனோம். பழைய கலியாணப் புத்தகத்தில், மனைவிமார் பெயரை வைத்து இரண்டு பூட்டன்மாரையும் கண்டுபிடித்தார். பெயர் ஒன்று, தகப்பன் வேறு, தாய் வேறு.

“ஒட்டுமில்ல, உறவுமில்ல. போங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவுக்கோ ஆசை விடவில்லை. “எங்க தாத்தா பொறந்ததையும் பாத்திருங்களேன்” என்றார்.

ஞானஸ்நானப் புத்தகத்தில் அதே தாய் தகப்பனுக்கு, அதே பெயரில், அடுத்தடுத்து மூன்று ஆண்பிள்ளைகள். “எவனோ தூங்கிக்கிட்டே எழுதியிருக்கான்” என்று அப்பா சிரித்தார். உபதேசியார் சிரிக்கவில்லை. அடக்கப் புத்தகத்தை எடுத்தார். முதல் பிள்ளை நாற்பதாம் நாள் போயிருந்தது. இரண்டாவது ஒரு வயதுக்குள். மூன்றாவது பிள்ளை அதில் இல்லை.

“இவருதான் உங்க தாத்தா.”

அந்த மூன்று வரிகளைவிட்டு என் கண் நகரவில்லை. இரண்டு முறை குழிக்குள் இறக்கிய பெயரை மூன்றாவது பிள்ளைக்கும் வைக்க அந்தத் தாய்க்கு என்ன நெஞ்சழுத்தம்! ஊரில் வேறு பெயரா இல்லை?

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அம்மாள் சேர்த்த அந்தப் பெயரைச் சாமியார் கோயில் முழுக்கக் கேட்க வாசித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தடை சொல்ல ஒருவரும் எழவில்லை.