விசில் எங்கள் கையில்

பாரிவாக்கம் மைதானத்தில் ரெஃப்ரி என்று ஒருவர் இருந்தார். ரெஃப்ரியா அவர்? உள்ளூர்ப் பையன் தும்மினால்கூட எங்களுக்கு எதிராக ஃப்ரீ கிக் கொடுக்கிற புண்ணியவான். எங்கள் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பாலில் ஒரு வழக்கம் உண்டு: யார் மைதானமோ அவர்கள் ஆள்தான் விசில் ஊதுவார். எந்த மகானுபாவன் இதைக் கண்டுபிடித்தானோ, கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். மண்ணூர்பேட்டையிலிருந்து பைக்கில் போய் இறங்கும்போதே நாங்கள் ஒரு கோல் பின்தங்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

அந்த மனிதர் ஓடவே மாட்டார். நடு மைதானத்தில் தொப்பையோடு நிற்பார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் "ஃபவுலு!" என்று கத்தும், உடனே ஊதுவார். கண் எதற்கு அவருக்கு, காது போதாதா? ஒருமுறை என்னைப் பின்னாலிருந்து தள்ளியவனுக்கே ஃப்ரீ கிக் கொடுத்தார். ஏன் சார் என்று கேட்டேன். "நீதானே அவன் மேல வுயுந்தே" என்றார். தூ!

பாரிவாக்கம் அணியின் கேப்டன், பாடியில் நான் வேலை செய்யும் பட்டறையில் எனக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன். அவன் டிபன் பாக்ஸில் நான் கை வைப்பேன், என்னுடையதில் அவன். திங்கட்கிழமை காலையில் மட்டும் சண்டை.

"உங்க ரெஃப்ரிக்கு வெக்கமே கெடையாதா மச்சான்?"

"இன்னா பண்ண சொல்ற? எங்க ஊரு பெரியவரு."

"எங்க கிரவுண்டா இருந்தாலும் நான் ஊதுனா நேர்மையா ஊதுவேன். என்னிக்காவது ஒரு நாளு பாரு."

இந்த வசனத்தை எத்தனை தடவை சொன்னேனோ, பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

போன வருஷம் எனக்கு முட்டி போனது. ஓட்டமும் ஆட்டமும் முடிந்தது. ரெஃப்ரிக்கு அரைகுறை ஓட்டம் போதும் என்று எங்கள் பையன்கள் விசிலை என் கையில் திணித்தார்கள். ஆட்டம் எங்கள் மண்ணூர்பேட்டையில். பாரிவாக்கத்துக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். வழக்கம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? பட்டறைக்காரக் கேப்டன்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தான். ஆட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாக இழுத்துப் போனான்.

"சுத்தமா ஊதுவான், நான் கியாரண்டின்னு சொல்லி இட்டாந்துகீறேன். தப்பு நடந்தா கேப்டன் பதவிய வுட்டுட்றேன்னு வேற வாய வுட்டுட்டேன். மானத்த வாங்கிடாத மச்சான்."

"போடா, யாருகிட்ட பேசிகினு கீற?" என்றேன்.

சத்தியமாக நன்றாகத்தான் ஊதினேன். எங்கள் ஆட்களுக்கு எதிராகவே இரண்டு ஃபவுல் கொடுத்தேன். என் சொந்த ஊர் ஜனம் என் பரம்பரையை இழுத்துத் திட்டியது. எனக்கோ தலைகால் புரியவில்லை. பாருங்கடா பாரிவாக்கத்துக்காரங்களே, ரெஃப்ரின்னா இப்படி இருக்கணும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நொண்டினேன்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. பெனால்டிக் கோட்டுக்குச் சற்று வெளியே பந்தைத் துரத்திப் போன எங்கள் ஆள், தன் காலே தடுக்கித் தானே விழுந்தான். தடுக்க வந்தவன் ஒரு கை தூரத்தில் இருந்தான், தொடவே இல்லை. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பின்னால் ஊரே "ஃபவுலு!" என்று கத்தியது. விசில் சத்தம் கேட்டது. ஊதியது நான்தான், வேறு எவன்?

அப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. தவறாக ஊதிவிட்டேன் என்று கையைத் தூக்கியிருந்தால் முடிந்தது விஷயம். நான் தூக்கிய கை ஃப்ரீ கிக்கைக் காட்டியது. ஊர் விசிலடித்தது. அது காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? சீ! எங்கள் ஆள் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, நேராகக் கோலுக்குள் அடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் பாரிவாக்கத்துக்காரர்கள் என்னிடம் வரவே இல்லை. பைக்குகளுக்குப் பக்கத்தில் தங்கள் கேப்டனைச் சூழ்ந்துகொண்டார்கள். "இதான் உன் கியாரண்டியா நைனா?" என்று ஒருவன் கத்தினான். கேப்டன் தன் பட்டையைக் கையிலிருந்து உருவிக் கத்தியவனிடமே நீட்டினான்.

"அவன் நின்ன எடத்துலர்ந்து பாத்தா ஃபவுலு மாரிதான்டா தெரிஞ்சிருக்கும்" என்றான். "அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

அது என் காதில் தெளிவாக விழுந்தது. எங்கள் பையன்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். இறக்கிவிடுங்கடா என்று நான் சொல்லவில்லை.