அம்புக்குறிக்கு எதிராக ஓடும் மெஷின்

ரம்பக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குத் தெருவில் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அவள் மரம் அறுக்கிற மெஷின் வைத்திருக்கிறாள். இன்னொன்று, அவளிடம் வாய் கொடுத்தவர் யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று இளவயதிலேயே ஒற்றைக்காலில் நின்று, அப்பாவோடு ஷெட்டுக்குள் நுழைந்தவள். அப்பா போன பிறகு மெஷினும் வேலையும் அவள் பொறுப்பு. ஷெட் மட்டும் அவளுக்கும் தம்பிக்கும் பொது. தம்பி வீட்டு மாடியறையில்தான் இருக்கிறாள். ஆனால் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறாள். அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தால் என்ன தப்பு?

ஒரு கதவு நிலைக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தபோது மோட்டார் கருகியது. முதலில் ஒரு முனகல், அப்புறம் நாற்றம், அப்புறம் புகை. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரும்பே வெந்துபோயிருக்கிறது, இதற்கு மறுபடி காயில் கட்டுவது வீண் என்று கையை விரித்துவிட்டார்.

தம்பிக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அவன் மருமகன் டைல்ஸ் வியாபாரம் செய்கிறவன். ஷெட்டை அவனுக்குக் குடோனாகக் கொடுத்துவிட வேண்டும் என்று வெகுநாளாகவே வீட்டுக்குள் குசுகுசுப்பு. அன்றைக்குச் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான். வயசாகிவிட்டது, மரத்தூசி நெஞ்சுக்கு ஆகாது, இனியாவது ஓய்வாக உட்காரலாமே என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

கடைசியில், "உனக்கு மூணு வேளை சோறு போட மாட்டேனாக்கா?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பாசத்தில்தான் சொன்னான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாசத்தில் அவன் போடுகிறவன், இவள் தட்டை நீட்டுகிறவள். மெஷின் போய்விட்டால் மிச்ச ஆயுசுக்கும் அதுதான் கணக்கு. அவளுக்குப் பயமே வந்துவிட்டது. பயம் வந்தால் அவளுக்குக் கூடவே கோபமும் வரும்.

மெஷின் ஓடினால் என்ன செய்வாய் என்று கேட்டாள். ஓடினால் இருந்துவிட்டுப் போகட்டும், வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார், அதற்குள் ஓடாவிட்டால் எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. எப்படியும் ஓடாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

மறுநாள் காலையில் அவள் காயில் கட்டுகிறவர் கடை வாசலில் நின்றாள். மூடிப்போன ஒரு சலவைக்கடையிலிருந்து வந்த மோட்டார் அங்கே மூலையில் கிடந்தது. அதே சக்தி, அதே வேகம். மோட்டார் மேலிருந்த விவரத் தகட்டைத் துடைத்து அதை நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வந்த மோட்டார் லேசில் படியவில்லை. அதன் கால்கள் அகலம். மெஷினில் இருந்த துளைகள் எதற்கும் பொருந்தவில்லை. குறுக்கே இரண்டு கனத்த இரும்புச் சட்டங்களைப் போட்டு, புதுசாகத் துளைத்து, மோட்டாரை அதன்மேல் உட்கார வைத்தாள். பழைய மோட்டாரிலிருந்து பெல்ட் ஓடுகிற சக்கரம், அந்தப் புல்லி, கழலாமல் அடம் பிடித்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், வந்தது. பார்த்தால் புது மோட்டாரின் தண்டு ஒல்லி, புல்லி தொளதொளவென்று ஆடியது. நடுவில் இடைவெளியை அடைக்க ஒரு புஷ் வளையம் கடைந்து வாங்க லேத் பட்டறைக்குப் போனாள். அவள் இல்லாத அந்த நேரத்தில், அவள் சொல்லிவைத்திருந்த எலக்ட்ரீஷியன் வந்து, மோட்டாருக்கு மூன்று வயரையும் இணைத்துவிட்டுப் போயிருந்தான். தம்பி ஷெட்டில் இருந்து பார்த்துக்கொண்டானாம். அவனுக்கும் மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று இந்தப் பைத்தியக்காரி சந்தோஷப்பட்டாள்.

புஷ்ஷைப் போட்டு, இரண்டு புல்லிகளுக்கும் நூல் பிடித்து நேர் பார்த்து, பெல்ட்டை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வண்டியோடு வந்தார். வந்ததும் வராததுமாக மெஷினைக் கண்ணாலேயே எடைபோட ஆரம்பித்தார். தம்பி பக்கத்தில் கைகட்டி நின்றான். முதல் ஓட்டத்துக்கு நான் இல்லாமலா என்று எலக்ட்ரீஷியனும் வந்திருந்தான். ரம்பக்கா மேலே பலகை எதுவும் வைக்காமல் ஒதுங்கி நின்று ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் கணீரென்று எடுத்தது. நிறுத்தினாள். வேகம் குறைந்து ரம்பத்தின் பல் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் கவனித்தாள். தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, இது பின்பக்கமா ஓடுது," என்றான் தம்பி இரும்புக்காரரிடம். "இந்த மோட்டார் இதுக்குச் சேராது. ஏத்திக்குங்க."

எலக்ட்ரீஷியன் முகம் வெளிறிவிட்டது. மெஷின் உடம்பில் வார்த்திருந்த அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, இந்த அம்பு காட்டுற பக்கம்தான் குடுத்திருக்கேன். உங்க தம்பிதானே அப்படிக் குடுக்கச் சொன்னார்."



அந்த அம்புக்குறியின் கதை இந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்தது. மெஷினை முதல்முதலில் சிமெண்டில் பதித்தபோது அப்பா அதைத் திருப்பி நிறுத்திவிட்டார். நின்று அறுக்கவேண்டிய பக்கம் சுவருக்குப் போய்விட்டது. சிமெண்ட் இறுகிய பிறகுதான் தெரிந்தது. உடைக்க மனசில்லை, அவருக்கும் வீம்பு குறைச்சலில்லை. மறுபக்கம் நின்று அறுக்கும்படி ரம்பத்தைத் திருப்பி மாட்டி, கழன்றுவிடாமல் இன்னொரு நட்டும் போட்டு, மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓடவிட்டார். அன்றிலிருந்து மெஷின் அம்புக்கு எதிராகத்தான் ஓடுகிறது.

ரம்பக்கா மெயினை அணைத்தாள். எலக்ட்ரீஷியன் ஓடி வந்தான். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டுத் தானே மோட்டாரின் வயர்ப் பெட்டியைத் திறந்தாள். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினாள். மோட்டார் திசை மாற அவ்வளவுதான் வேலை. அப்புறம் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா இதைத் திருப்பி மாட்டினப்ப விளக்கு பிடிச்சிட்டு நின்னது நீதான்டா."

"மறந்துபோச்சுக்கா."

"மறந்திருந்தா, அம்பு பக்கம் ஓடுறதைப் பாத்து பின்பக்கமா ஓடுதுன்னு சொல்லியிருக்க மாட்ட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீ இந்த வயசில் கஷ்டப்படக் கூடாது என்றுதான், என்று ஏதோ முணுமுணுத்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இவன் முன்னால் அழுவதா என்று அதை விழுங்கினாள். விழுங்கிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். ஒரு மரச்சட்டத்தை வைத்துத் தள்ளினாள். பிசிறில்லாமல் இரண்டாக வந்தது.

இரும்புக்காரர் யாரும் சொல்லாமலேயே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். எலக்ட்ரீஷியனும் அவர் பின்னாலேயே நழுவினான்.

தம்பி மட்டும் நின்றான். பழக்க தோஷம், அடுத்த சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"கையை எடு," என்றாள். "நான் கூப்பிட்டா வா. கூப்பிடாம இந்த ஷெட்டுக்குள்ள வராத."

அவன் அவளைப் பார்த்தான்.  பிறகு வெளியே போய்த் தெருவில் நின்றான். அவள் மறுமுனைக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, சட்டத்தை அதன்மேல் தாங்கவிட்டு, தனியாகவே அறுத்தாள்.