சவிரிமுத்து மாஸ்ரர் அப்படிச் சொல்லவில்லை

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. கடைக்காரர் பையை நீட்டிவிட்டு, கையை எடுக்காமல் சொன்னார்: "மாஸ்ரர், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? சவிரிமுத்து மாஸ்ரர் விடிய மோசம் போட்டார்." நான் அவருக்கு நன்றி சொன்னேன். அப்படியொரு சாவுச் செய்திக்கு நன்றி சொல்லிவிட்டு கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்த பிறகுதான் பையைக் கடையிலேயே விட்டுவந்தது தெரிந்தது.

அவர் மன்னாரில் பிறந்தவர். குருமடத்தில் எபிரேயம் படித்து, குருவாகாமல் வெளியேறி, பள்ளியில் படிப்பித்து, கலவரத்துக்குப் பின் எங்களைப் போலவே இந்தப் பிரெஞ்சு நகரத்துக்கு வந்து சேர்ந்தவர். ஒபர்வில்லியே புறநகரில் ஒரு யூத முதியவரின் தையற்கூடத்தில் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டார். மத்தியான ஓய்வில், ஒரு கொப்பியில் எபிரேய எண்ணுப்பெயர்களை எழுதிவந்தார். சொல், அதன் உறவுச் சொற்கள், புழங்கும் விதம், பிறப்பு என்று நான்கு பத்திகள். நான் கணக்கு வாத்தியார். கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் பங்கு.

ஒருமுறை வதிவிடப் பத்திரத்துக்காக வரிசையில் நின்றோம். ஒருவர் வந்து எங்களை விரலால் குத்திக் குத்தி எண்ணிக்கொண்டு போனார். சவிரிமுத்து மாஸ்ரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆக்களை இப்பிடியோ எண்ணுறது? என்ர முதலாளி ஆக்கள் செபத்துக்குப் பத்துப்பேர் சேர்ந்திட்டினமோ எண்டு பாக்கேக்க ஒண்டு, ரெண்டு எண்டு சொல்லமாட்டினம். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வசனத்தைச் சொல்லுவினம். ஆளுக்கு ஒரு சொல். பேர் உள்ள சீவனை எண்ணப் பயம். நல்ல பயம், மாஸ்ரர்!"

பிறகு அவரே அந்த வசனத்தை முணுமுணுத்து எங்களை எண்ணினார். எனக்கு விழுந்தது ஏழாவது சொல். அதன் பொருளை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனி நான் எழுத வந்த விஷயம். நமது தமிழ்ச் சங்கச் செயலாளர் ஒரு நாள் தேநீர்க்கடையில் அவரை மறித்தார்.

"மாஸ்ரர், எபிரேய எண்ணெல்லாம் எங்கட தமிழில இருந்து போனது எண்டு ஒரு கட்டுரை தாங்கோ. ஒண்டுக்கு அவை சொல்லுற எஹாத் எண்டால் ஏகம்தானே?"

"ஏகம் வடமொழி, தம்பி. முதல் படியிலேயே வழுக்கிறியள்."

கடையே சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. மாஸ்ரர் கொப்பியை விரித்து வைத்துப் பொறுமையாகவே விளக்கினார். மூன்றுக்கு ஷலோஷ்; அரபியில் தலாதா. அவை ஒரு வீட்டுப் பிள்ளைகள். எபிரேயத்தில் முப்பது என்பது மூன்றின் பன்மை, நாற்பது நான்கின் பன்மை, இருபது மட்டும் பத்தின் பன்மை. தமிழோ இரு பத்து, மூன்று பத்து என்று பெருக்கிச் சொல்கிறது. "வீடு கட்டுற முறையே வேற" என்றார். எபிரேயத்தில் ஆறும் ஏழும் ஷேஷ், ஷேவா என்று ஐரோப்பியச் சொற்களைப் போல ஒலிப்பது ஏன் என்று யாரோ கேட்டபோது, கொப்பியின் நான்காம் பத்தியைக் காட்டினார். அங்கே "தெரியாது" என்று எழுதியிருந்தது.

"அப்ப தமிழில இருந்து ஒண்டுமே போகேல்லையோ?" என்றார் செயலாளர்.

"மயிலைச் சொல்லுற துக்கி எங்கட தோகையா இருக்கலாம். மயில் கப்பலேறியிருக்கும். எண் ஏறேல்லை."

"இனத்துக்கு இது கூடச் செய்ய மாட்டியளோ?"

"பொய்யில நிக்கிற பெருமை எனக்கு வேண்டாம்."

அந்த மனிதர் இறந்தபின், முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் என்ன அச்சிட்டிருக்கிறார்கள்? "எபிரேய எண்கள் தமிழிலிருந்து பிறந்தவை என நிறுவிய பேரறிஞர்." உயிரோடிருந்தபோது தர மறுத்ததை, வாய் மூடியதும் அவர் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். இதை அஞ்சலி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பழியை முழுவதும் அவர்கள் மேல் போட்டுவிடவும் முடியாது. அச்சுக்குப் போகுமுன் எழுத்துப்பிழை பார்க்க என்னிடம்தான் தந்தார்கள். அந்த வரியில் என் பென்சில் நின்றது. "இது... அவர் இப்படி..." என்று இழுத்தேன். "செத்த மனிசனைப் பெரிசாக்கிறதில என்ன பிழை, மாஸ்ரர்?" என்றார் செயலாளர். நான் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். சரியான இரண்டு காற்புள்ளிகள். இன்றுவரை என்னைத் தூங்கவிடாதவை அவைதான்.

சவிரிமுத்து மாஸ்ரர் பெரியவர். பத்துப்பேர் பார்த்திருக்க, தன் கொப்பியில் "தெரியாது" என்று எழுதியதைக் காட்டக்கூடிய அளவுக்குப் பெரியவர். அதைவிடப் பெரிதாக்க எவராலும் முடியாது.

மலர் கையில் உள்ளவர்கள் வரும் ஞாயிறு கறிவேப்பிலைக் கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். காலை பத்து மணியிலிருந்து பேனாவோடு நிற்பேன். ஏழாம் பக்கத்து வரியை வெட்டி, "அவர் அப்படிச் சொல்லவில்லை" என்று எழுதி, கீழே என் கையெழுத்தும் இடுவேன். என் பிரதியில் முதலில் செய்துவிட்டேன். கோடு நேராக இல்லை.

வருகிறவர்களை விரலால் எண்ணமாட்டேன். அவர் வைத்துவிட்டுப் போனதில் அது மட்டுமாவது என்னிடம் பழுதில்லாமல் இருக்கிறது.