டர்ஸாவுக்குச் சேர வேண்டிய நேரம்

வெர்லீன் கோஃபோர்த் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். எதைத் தொடங்கினாலும் முதலில் கையைப் புரட்டி மணி பார்ப்பார். முடிந்ததும் இன்னொரு முறை. பிறகு சட்டைப்பையில் இருக்கும் சுருள்கம்பி நோட்டில் எழுதுவார். ஒருநாள் அவர்கள் பண்ணையில் கன்று பின்னங்கால் முதலாக வந்து சிக்கிக்கொண்டது. தோள்வரை கையை விட்டு அதை இழுத்துப் போட்டவர், வேலிக்கம்பத்தில் கழற்றி மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை அழுக்கா இருக்கு, யாராவது எழுதுங்க. உயிரியல், ஒரு மணி பத்து நிமிஷம்."

பத்து வருடம் இதைப் பார்த்தேன். ரொட்டிக்கு மாவைப் பாதியாகக் குறைத்தால் பின்னம், பதினைந்து நிமிடம். மான் வேட்டை சீசனில் பையன்கள் காட்டில் இருந்தால் உடற்பயிற்சி. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு மணி எண்ண வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பாடத்தை முடித்ததாக எழுத நூறு மணி நேரம். மற்ற அம்மாக்கள் தோராயமாகப் போட்டுக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே அளவு வெர்லீனுடையது.

செவ்வாயும் வியாழனும் தேவாலயத்தின் நிலவறையில் ஆறு பேர் அவரிடம் படித்தோம். எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. வெர்லீன் கல்லூரிப் பக்கம் போனதில்லை. வேதியியலில் எங்களைவிட ஒரு பாடம் முன்னால் இருப்பார், அவ்வளவுதான். சில நாள் அதுவும் இல்லை. "இது எனக்கும் புரியல. வாங்க, சேர்ந்தே முழிப்போம்" என்று உட்கார்ந்துவிடுவார்.

பக்கத்து அறையில் அவர் மகள் டர்ஸா சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் பதினொரு பேர். அதில் நான்கு பேர் என் தம்பி தங்கைகள். அவர்களை யாராவது பார்த்துக்கொண்டால்தான் என் அம்மா என்னை அனுப்புவார். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். டர்ஸாவுக்கு என் வயது. இடுப்பில் ஒரு குழந்தையோடு கதவில் சாய்ந்து, பலகையில் இருப்பதை எட்டிப் பார்ப்பாள். கணக்கு பாதியில் இருக்கும்போது உள்ளே யாராவது அழுவார்கள். போய்விடுவாள்.

கல்லூரியில் சேர எழுதும் ஏ.சி.டி. தேர்வுக்கு முந்தைய மாதம் வெர்லீன் எங்களுக்குப் பள்ளிக்கூடம் நடித்துக் காட்டினார். நாங்கள் யாரும் எண் போட்ட மேசையில் உட்கார்ந்தவர்கள் இல்லை. மணி அடித்தால் பென்சிலைக் கீழே வைக்க வேண்டும் என்றே தெரியாது. சமையலறைப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டி, "நேரம் முடிஞ்சுது!" என்று கத்துவார். எல்டன் எழுதிக்கொண்டே இருப்பான்.

"டேய் எல்டன், பென்சில வை."

"இன்னும் ஒரு வரிதான் மிஸ் வெர்லீன்."

"அங்க ஒரு வரி எழுதினா உன் பேப்பரக் கிழிச்சுடுவாங்க. அப்புறம் உங்கப்பாவோட கோழிப் பண்ணைதான்."

கழிப்பறைக்குப் போகக் கை தூக்கவும் பழக்கினார். டர்ஸா கதவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கெசியா, கையத் தூக்கச் சொன்னா ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ற மாதிரி தூக்குற. ஒரு கை போதும்டி."

கல்லூரி விண்ணப்பத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்டிருந்தார்கள். வீட்டுப் படிப்பில் என் வகுப்புக்கு நான் ஒருத்திதான் என்பதால் 'ஒன்றில் ஒன்று' என்று எழுதினேன். அதைப் பற்றி டர்ஸா ஒரு வாரம் பேசினாள். "மயிரிழையில ஜெயிச்சுட்ட, போ."

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். நாங்கள் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பிப்பதாக, ஒரே அறையில் தங்குவதாகப் பேசி வைத்திருந்தோம். சன்னலோரக் கட்டில் அவளுக்கு.

அக்டோபரில் வெர்லீன் வீட்டுச் சமையலறையில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியல்களைத் தயார் செய்தார். மேசை முழுக்க நோட்டுகள். என்னுடையது முதலில் முடிந்தது. கூட்டி, சரிபார்த்து, சுத்தமாகத் தட்டச்சு செய்து, என் அம்மா கையெழுத்துப் போட இடம் விட்டுக் கொடுத்தார். பிறகு டர்ஸாவின் நோட்டைத் திறந்தார். ஒரு முறை கூட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார், காரணமே இல்லாமல். மறுபடி கூட்டினார்.

குழந்தை பராமரிப்பு தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி. ஆனால் அல்ஜீப்ரா இரண்டாம் பகுதி, வேதியியல், வரலாறு மூன்றும் சேர்த்துப் பதினான்குதான். முந்நூறு இருந்திருக்க வேண்டும்.

"எழுதுங்கம்மா" என்றாள் டர்ஸா. "யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணியிருக்கேனே."

"தொள்ளாயிரத்துல கொஞ்சம் எடுத்து அங்க போடுங்க. நான் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"

"அது நீ வேல பாத்த நேரம், படிச்ச நேரமில்ல. நான் பொய்யா எழுதி, நீ அங்க போய் முத நாளே முழிச்சா?"

"முழிச்சா என்ன? நீங்க இங்க முழிக்கலையா?"

வெர்லீனுக்கு முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார். "கெசியா, நீ சொல்லு. நடக்காத பாடத்த நடந்ததா எழுதறது சரியா தப்பா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் வீடுகளில் ஒரே பதில்தான் உண்டு. நான்கு வயதிலிருந்து சொல்லிப் பழகியது. என் பட்டியல் என் மடியில் இருந்தது, முழுசாக.

"தப்பு, மிஸ் வெர்லீன்" என்றேன்.

டர்ஸா என்னைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வெர்லீன் இன்னொரு முறை கூட்டினார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'டர்ஸாவுக்கு நான் தர வேண்டியது: 286 மணி' என்று எழுதி, தேதி போட்டார். "அடுத்த செப்டம்பர்ல இருந்து நீ மட்டும்தான் கண்ணு" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். "பெத்தவங்க அவங்கவங்க பிள்ளைய அவங்கவங்களே பாத்துக்கட்டும். ஒரே வருஷம். அப்புறம் நீயும் போயிடலாம்."

அடுத்த ஆகஸ்டில் நான் கல்லூரிக்குப் போனேன். செப்டம்பரில் அவர்கள் தொடங்கினார்கள். அக்டோபரில், வெர்லீன் பல மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வயிற்றுவலி புற்றுநோய் என்று தெரிந்தது.

அதன் பிறகும் பாடம் நடந்தது என்று டர்ஸா சொன்னாள். மருந்து ஏற்றும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வெர்லீன் சமன்பாடு சொல்வாராம். கடிகாரம் முழங்கைவரை நழுவும். இழுத்துவிட்டு மணி பார்ப்பாராம். ஒருநாள் டர்ஸா, "இந்த மருந்தெல்லாம் வேதியியல் இல்லையாம்மா? எழுதுங்களேன்" என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறாள். "இது உள்ள போய் என்ன பண்ணுதுன்னு நீ விளக்கிச் சொல்லு, எழுதறேன்" என்றாராம் அவர். இவள் நர்ஸிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கிறாள். இருபது நிமிடம் எழுதினார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போன நேரத்தை எழுதவில்லை.

பிப்ரவரியில் இறந்தார். அதுவரை முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

கல்லூரி இரண்டாம் வருடம் என் அறைத்தோழியும் வீட்டில் படித்தவள் என்று தெரியவந்தது. அவள் அம்மா எப்படி மணி எண்ணினார் என்று கேட்டேன். "எண்ணறதா?" என்று சிரித்தாள். "எங்கம்மா நாலு வருஷப் பட்டியலையும் ஒரே சாயங்காலத்துல எழுதினாங்க. அடுப்புல நூடுல்ஸ் வெந்துட்டிருந்துச்சு." கல்லூரியில் யாரும் நோட்டைக் கேட்கவில்லை. என்னுடையதையும் கேட்கவில்லை. அன்று இரவு சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, என் பட்டியலில் இருந்த நான்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் டர்ஸா என் வீட்டுப் பிள்ளைகளோடு இருந்தாள் என்று கூட்டிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

போன மே மாதம் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். ஊருக்குப் போனதும் டர்ஸா வீட்டுக்குப் போனேன். அவள் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறாள். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது. வேலைக்குப் போகச் சீருடை போட்டுக்கொண்டு தம்பிகள் இரண்டு பேருக்கும் பீன்ஸும் சோளரொட்டியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா டுவைட் லாரியில் வெளியூர் போயிருந்தார்.

"பட்டதாரியம்மா வந்தாச்சு" என்றாள். "உட்காரு. கை தூக்கிக் கேட்கணும்னு இல்ல."

நான் பை நிறையப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். கோடை முழுவதும் நான் சொல்லித் தருகிறேன் என்றேன். இல்லையென்றால் பள்ளிச் சான்றுக்குச் சமமான அந்தத் தேர்வை எழுதலாம், இரண்டு நாள் வேலை என்றேன்.

"அது பாதியில விட்டவங்க எழுதறது. நான் எதையும் பாதியில விடல."

"அப்பா எழுதிக் கையெழுத்துப் போடலாமே டர்ஸா?"

"சொன்னாரு. அம்மாவ அடக்கம் பண்ண வாரத்துலயே. 'குடு அந்த நோட்ட, முந்நூறுன்னு போட்டுத் தர்றேன்'னாரு. ஒளிச்சு வச்சிட்டேன்."

"ஏன்?"

"அம்மா எழுதாதத அதுல எப்படி எழுதறது?" ரொட்டியை வெட்டினாள். "அதோட நீதான் அன்னிக்கு சொன்னியே, தப்புன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. நான் அன்று வேறு பதில் சொல்லியிருந்தால் வெர்லீன் எழுதியிருப்பாரா என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

"தெரியல. ஆனா பேனாவக் கையில வச்சிருந்தாங்க."

தம்பிகள் தட்டை எடுத்துக்கொண்டு போனபின், குளிர்பதனப் பெட்டியின் மேல் வேட்டை உரிமங்களுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 286 கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கீழே 279. பிறகு 270. எண்கள் குறையக் குறைய எழுத்துக் கோணிக்கொண்டு போனது. கடைசி எண் அடிக்கப்படவில்லை.

"இந்தக் கோடையில இத முடிச்சிடலாம்" என்றேன் மறுபடியும். "மணி பாத்து நானே எழுதறேன்."

"இது அவங்க எனக்குத் தர வேண்டியது, கெஸ். நீ தந்தா அது வேற கணக்கு."

நோட்டை வாங்கி, உரிமங்களுக்கு அடியில் பழையபடி வைத்தாள். இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று காலணியைத் தேடினாள். புத்தகப் பையை நான் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் 255 இருக்கிறது.