நல்ல நேரத்துக்கு மூன்று மாத்திரை

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை மணி 11.10. இடம், திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீஸ். ஒரு பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்திருந்தேன்.

எழுதிக் கொடுப்பவர் கன்னியப்பன். வயது அறுபத்தெட்டு. நான் விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் சேர்ந்த 1952-லிருந்து பழக்கம். அவருடைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டைகளுக்கு ரசீது போட்டவன் நான். அப்போது அவர் ஊர்ப் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். ரசீதில் அவர் போடும் கையெழுத்தைப் பார்க்கவே இரண்டு குமாஸ்தாக்கள் எழுந்து வருவார்கள். அப்படி ஒரு வளைவு, அப்படி ஒரு சுழி!

மூன்று வருஷமாக அந்தக் கைக்கு நடுக்குவாதம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கட்டைவிரல் மாத்திரை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். நடை சுருங்கிவிட்டது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கையால்தான் மகள் தனத்துக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்று நிலத்தை எழுதிவைக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் தனம். நிலம் கன்னியப்பன் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதாவிட்டால் பிற்பாடு அது மகன் கையை விட்டு வராது. இது ஊருக்கே தெரியும்... மகனுக்கும் தெரியும்.

கட்டைவிரல் ரேகை வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "போர்டு பிரசிடெண்டா இருந்தவன் கைநாட்டு வெச்சிட்டு வரணுமா தம்பி?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே, அன்றைக்கு மட்டும் கை ஆடக் கூடாது. என்ன செய்வது?

1969-லும் நாம் பஞ்சாங்கம் பார்க்காமல் பத்திரம் முடிப்பதில்லை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் கையெழுத்து விழ வேண்டும். நடுக்கத்துக்கு டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையோ காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு என்று மூன்று வேளை. ஒரு மாத்திரைக்கே கை பாதி அடங்குகிறதே, மூன்றும் நல்ல நேரத்துக்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டால்? காலை ஆறு, எட்டு, பத்து. கூடுதலாக ஒன்றுகூட இல்லை. நாளுக்கு மூன்று என்றால் மூன்றுதான்!

யோசனை தனத்துடையது. பேஷ் என்று சொன்னவன் நான்.

கை அடங்கியது. அதிசயமாக அடங்கியது. பேனாவை வாங்கி, பத்து வருஷத்துக்கு முந்தைய கன்னியப்பன் மாதிரி பிடித்தார். தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் மற்றதை நாங்கள் கவனிக்கவில்லை. சித்திரை வெயிலில் எல்லோர் சட்டையும் நனைந்திருக்க, அவர் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. முகம் செக்கச் சிவந்திருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்ட, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆபீஸ் பின்பக்கம் மூன்று தடவை போய்விட்டு, ஒன்றும் இறங்கவில்லை என்று திரும்பி வந்தார். பத்திரத்தின் மேல் ஊர்ந்த எறும்புகளைத் தட்டித் தட்டி விட்டார். பத்திரத்தில் எறும்பே இல்லை.

சப்-ரிஜிஸ்திரார் நிதானமானவர். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யாருக்கு எழுதிக் கொடுக்கறீங்க பெரியவரே?"

கன்னியப்பன் ஜன்னல் பக்கம் கை காட்டினார். "அதோ நிக்கிறாளே எம் பொஞ்சாதி... அவளுக்குத்தான். வெயில்ல நின்னுக்கினு இருக்கா பாருங்க, உள்ள வரச் சொல்லுங்க."

அந்த அம்மாள் காலமாகி ஆறு வருஷம்.

சப்-ரிஜிஸ்திரார் பேனாவை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். மனசு தெளிவாக இல்லாதவரிடம் எழுதி வாங்க முடியாது, தெளிந்த பிறகு அழைத்து வாருங்கள் என்றார். அப்போதும் அந்தக் கை ஆடவில்லை.

ஜட்கா வண்டி பிடித்து நேரே டாக்டரிடம் ஓடினோம். ஈரத் துணி போர்த்தி, அடைபட்ட நீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டு, அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பினார். எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"மூணுதான் டாக்டர். ஒரு நாளைக்கு மூணுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் தனம்.

எத்தனை மணிக்கு என்றார். தனம் என்னைப் பார்த்தாள். நான் வேளைகளைக் குறித்து வைத்திருந்த என் டயரியைப் பிரித்துப் படித்தேன். டாக்டர் திட்டியிருந்தால் தேவலை... அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மாட்டு வண்டின்னு வெச்சிக்கோங்க" என்றார். "மூளையில ரெண்டு ரசாயனம் ஜோடியா இழுக்குது. இந்த வியாதியில ஒரு மாடு நோஞ்சானாயிடுது. அதுக்குத் தீனி போட நம்மகிட்ட மருந்து இல்ல. அதனால பலமா இருக்கிற இன்னொரு மாட்டை இந்த மாத்திரையால இழுத்துப் பிடிக்கிறோம். வண்டி ஓரளவு நேராப் போவுது. ஆனா அந்த மாடு வண்டி மட்டுமா இழுத்துக்கினு இருந்துது? வாயில எச்சில் ஊறுறது, வேர்வை, கண்ணு, குடல், மூத்திரம், ஞாபகம்... எல்லாத்துக்கும் அதுதான் ஏத்தம் இறைச்சிக்கினு இருந்துது. அதை ஒரேயடியாக் கட்டிப் போட்டா?"

வெளியூர் டாக்டர்தான். ஆனால் பதினைந்து வருஷமாக இந்த ஊர்க்காரர்களிடம் பேசிப் பேசி அவர் பேச்சும் இப்படி ஆகிவிட்டது.

ஊமத்தங்காய் தின்றவன் உளறுவானே, அதே குணம்தான் இந்த மாத்திரைக்கும் என்றார். இந்த மாத்திரைகள் வருவதற்கு முன்னால் ஊமத்தை வகைச் செடிகளின் சாற்றையே நடுக்கத்துக்குக் கொடுத்தார்களாம். வயதானவர்களுக்கு அளவு கொஞ்சம் கூடினாலே ஆள் இல்லாத இடத்தில் ஆள் தெரியும். பயந்துபோய் நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் தப்பு, உடம்பு கட்டையாகிவிடும்.

கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து மணி மாத்திரையை உள்ளங்கையில் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

நோஞ்சான் மாட்டுக்கே தீனி போடும் ஒரு மருந்தை வெளிநாட்டில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று லைப்ரரியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தேன். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடக்கிறார்களாம். சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்பினேன். வாந்தி உண்டாம், சிலருக்குக் கை கால்கள் தாமாகவே நெளிந்து ஆடுகின்றனவாம். நடுக்கத்தை நிறுத்தப் போனால் ஆட்டம்! ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்காத மருந்து ஏதாவது உண்டா?

மூன்றாம் நாள் கன்னியப்பன் பழையபடி தெளிந்துவிட்டார். ஆனால் அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனி அவர் எதை எழுதினாலும் செல்லாது என்று டீக்கடையிலேயே மகன் சொல்லிவிட்டான். இனிமேல் இழுத்துக்கொண்டே போனால் தனத்துக்கு நிலம் இல்லை.

டாக்டர் இந்த முறை எங்களிடம் பேசவில்லை. கன்னியப்பனிடமே கேட்டார். "கை நிக்கணுமா, தலை தெளிவா இருக்கணுமா? ரெண்டும் முழுசா இந்த மாத்திரையில கிடைக்காது."

கன்னியப்பன் தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இது ஆடட்டும் டாக்டர்" என்றார். "எனக்குத் தலையக் குடுங்க."

வேளைக்கு அரை மாத்திரை என்று குறைத்து எழுதினார் டாக்டர்.

இந்தத் திங்கட்கிழமை மறுபடி ரிஜிஸ்தர் ஆபீஸ். பகல் 12.20. இந்தத் தடவை யாரும் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. கன்னியப்பன் நெற்றியிலிருந்து வியர்வை வழிய வழிய நின்றார். அவ்வளவு அழகான வியர்வையை நான் பார்த்ததில்லை!

சப்-ரிஜிஸ்திரார் போன தடவையை மறக்கவில்லை. துருவித் துருவிக் கேட்டார். நாலு எல்லையையும் பெரியவர் கடகடவென்று சொன்னார். கிழக்கே ஏரி வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே களம், வடக்கே மகன் நிலம்.

மகன் இருக்கும்போது மகளுக்கு ஏன் என்று கடைசியாக ஒரு கேள்வி வந்தது.

"அவனுக்குக் குடுத்ததுதாங்க வடக்கால இருக்கிறது. இது இவளுக்கு" என்றார்.

பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை நான் குனிந்து எடுப்பதற்குள், அவரே இடது கையை மேஜைமேல் வைத்துவிட்டார். அதுவும் லேசாக ஆடியது. பியூன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, மையில் விரலை உருட்டி, பத்திரத்தில் பதித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. தனம் ஒரு கையில் ரசீதோடு, மறு கையில் அரை மாத்திரையை நீட்டினாள். கை மிகவும் ஆடுகிறதே என்று கெஞ்சினாள்.

"செத்த இரு தனம்" என்றார் கன்னியப்பன். "இன்னிக்கு நடந்ததை ஒருதரம் மொதல்ல இருந்து நெனச்சிப் பாத்துக்கறேன். அப்பறம் குடு."

டாக்டரிடம் போனால் எது சரியாக வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுகிறோம்... எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று யாராவது சொல்கிறோமா?