பிரியாணிக் கடை பாயின் மூக்கு

இன்று மதியம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில், வழக்கமாகச் சாப்பிடும் பிரியாணிக் கடை பாயிடம் சொன்னேன்: "பாய், வாசம் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் வந்து இழுக்குது லா!"

பாய் சிரித்தார். "எனக்குத்தான் தெரியல. கோவிட்ல போன வாசம் திரும்பவே இல்ல."

தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் எப்படிச் சமைக்கிறீங்க?"

"வெங்காயம் சிவக்கிறத கண்ணு பாத்துக்கும். மத்ததுக்கு இவங்க இருக்காங்க" என்று மனைவியைக் காட்டினார்.

அக்கா தினமும் விடியும் முன்பே செம்பவாங்கிலிருந்து அவருடன் வந்து, ஒவ்வொரு சட்டியையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தன் ஆபீசுக்குப் போவாராம். இன்று அவருக்கு லீவு. அப்போதும் கடையில் நிற்கிறார்.

"ரெஸ்ட் எடுக்கலாமே அக்கா?"

"மசாலா கருகினா இவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட ருசி மாறியதில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அங்கே சாப்பிடுகிறவர்களே, பாய்க்கு வாசம் தெரியாது என்று உங்களில் யாராவது கண்டுபிடித்தீர்களா? என் நாக்கைப் பற்றி வீட்டில் பீற்றிக்கொள்வதை நான் இன்றோடு நிறுத்திவிட்டேன்.