தாடிக்காரன் கார்டு

மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கொடுத்தது நான்தான். சனிக்கிழமை மத்தியானம், அம்மா முறத்தில் கொட்டிவிட்டுப் போன வரமிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துக் கிள்ளினேன். மறுநாள் ஆனைமலைக்குக் கொண்டுபோய் மாசாணியம்மன் கோயிலில் அரைக்கப்போகிற மிளகாய். பக்கத்து வீட்டுக்குள் கை வைத்தது யாரோ, அவர்கள் உடம்பெல்லாம் எரியட்டும் என்று வேண்டி அரைக்கிற மிளகாய். கை வைத்தவள் நான். அது எனக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் இருந்தோம். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அங்கே ரகசியம் வைத்துக்கொண்டு வாழ்வது சுலபம் இல்லை. நான் வாழ்ந்தேன்.

எல்லாம் ஒரு கட்டுக் கார்டால் வந்தது. அந்த வருஷம் லைன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மல்யுத்த டிரம்ப் கார்டு பைத்தியம். கார்டுக்கு ஒரு பயில்வான் படம். கீழே ரேங்க், உயரம், எடை, செஸ்ட், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று எண்கள். மற்ற இடங்களில் ஒரே கட்டைப் பாதியாகப் பிரித்து ஆடுவார்கள். எங்கள் லைனில் சட்டம் வேறு. அவரவர் பத்துக் கார்டைப் பொறுக்கி, வேண்டிய வரிசையில் அடுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேரும் மேல் கார்டை எடுக்க, கேட்கிற முறை யாருடையதோ அவர் கார்டிலுள்ள ஒரு கணக்கின் பெயரைச் சொல்வார். 'எடை' என்றால் எடை. பெரிய எண் வைத்திருப்பவருக்கு இரண்டு கார்டும். ரேங்க் என்றால் மட்டும் சின்ன எண். ஜெயித்தவரே அடுத்ததையும் கேட்பார். ஆட்டம் முடிந்ததும் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒன்றைத் தவிர. தோற்றவர் கட்டிலிருந்து பிடித்த ஒன்றை ஜெயித்தவர் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் கையிருப்பிலிருக்கும் ஒரு சோப்ளாங்கியை வைத்துக்கொண்டு மறுநாள் போக வேண்டும். தோற்கத் தோற்கக் கட்டு இன்னும் கெட்டுப்போகும்.

நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சாயங்காலம் ஆட்டம் நடக்கும். என்னைவிட இரண்டு வயது பெரியவன் ஒருவன், அவன்தான் அங்கே ராஜா. நான் வருவதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவான்.

"ஏம்புள்ள, ஆடறதுக்கு வந்தியா, இல்ல எனக்குச் சீர் கொண்டாந்தியா?"

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். பெண்பிள்ளை என்று விட்டுக்கொடுத்தால் அதுவும் எனக்கு ஆகாது. அவன் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

ஒரு நாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்தேன். என் பத்துக் கார்டின் எண்களையும் எழுதினேன். என் முட்டாள்தனம் அப்படியே தெரிந்தது. பத்தில் ஏழு பேர் குண்டன்கள். பெரிய உடம்பைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்த்தவர்கள். கேட்கிற முறை என்னிடம் இருக்கும் வரை 'எடை, எடை' என்று ஜெயிப்பேன். ஒரு தடவை முறை அவன் கைக்குப் போய்விட்டால் அவன் எடையைக் கேட்கவே மாட்டான். ரேங்க் கேட்பான், செஸ்ட் கேட்பான். என் குண்டன்கள் வரிசையாகப் போய் விழுவார்கள். கைவிட்டுப் போன முறையைத் திருப்பி வாங்க என்னிடம் ஆளே இல்லை.

மூன்று நாள் அவன் என்ன கேட்கிறான் என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்குமேல் ரேங்க், மீதியில் பெரும்பாலும் செஸ்ட். பிறகு பிடித்தவர்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளினேன். இரண்டு குண்டன்களை ஒரு பையனிடம் கொடுத்து, ரேங்க் நல்லதாக இருந்த ஒரு ஒல்லிக்காரனை வாங்கினேன்.

"ரெண்டு யானையக் குடுத்துப்போட்டு ஒட்டடைக் குச்சிய வாங்கிட்டுப் போறா பாரு" என்றான் ராஜா.

இன்னும் மூன்று பேரை அப்படியே மாற்றினேன். வரிசையையும் மாற்றினேன். குண்டன்களைப் பின்னால் தள்ளி, ரேங்க்காரர்களை முன்னால் வைத்தேன். கட்டு தேறியது. பத்தில் நாலு ஆட்டம் இழுபறிக்கு வந்தது. ஆனால் செஸ்ட் கேட்டால் மட்டும் இன்னும் விழுந்தேன். ரேங்க்கும் செஸ்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவன் இருந்தான். யாருக்கும் பேர் வாயில் நுழையாத ஒரு தாடிக்காரன். லைனிலேயே ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தான்.

பக்கத்து வீட்டுப் பெண். என் வகுப்புதான். அவள் ஆட வரமாட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன அவள் அண்ணன் வாங்கி வந்த கட்டு அது. பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். எப்போதாவது எடுத்துப் படம் பார்ப்பாள், மூடி வைப்பாள். நான் மூன்று கார்டு தருகிறேன் என்றேன். ஐந்து தருகிறேன் என்றேன்.

"அண்ணன் குடுத்தது. மாத்த மாட்டேன்."

"நீ ஆடறதே இல்லியே."

"ஆடாட்டிப் போவுது."

எனக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. வீணாகக் கிடக்கிறதே என்ற ஆத்திரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் குழாயடிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் அம்மா மில் ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். டப்பாவைத் திறந்து தாடிக்காரனை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என் குண்டன் ஒருவனை வைத்தேன். ஒன்று எடுத்து ஒன்று வைத்தால் திருட்டு இல்லை, மாற்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கார்டுகள் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் மூலையில் நீல மைப் புள்ளி வைத்திருந்தேன். நான் விட்டுவந்த குண்டன் முதுகிலும் அந்தப் புள்ளி இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் குடத்தோடு திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை ஜெயித்தேன். தாடிக்காரனை மூன்றாவதாக வைத்திருந்தேன். முதல் இரண்டும் போயின. மூன்றாவதில் ராஜா வழக்கம்போல 'செஸ்ட்' என்றான். தாடிக்காரனைப் போட்டேன். முறை என் கைக்கு வந்தது. அதன் பிறகு அவன் கைக்குப் போகவே இல்லை. அவன் முகம் கறுத்துப்போனது.

"இது ஆருகிட்ட வாங்குனே?" என்றான்.

"மாத்துனேன்."

"ஆருகிட்ட?"

"உனக்கு எதுக்கு? தோத்துட்டே இல்ல, கார்ட எடு."

அவனுடைய நல்ல கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாழ்க்கையில் அப்படித் தலை நிமிர்ந்து நடந்தது அன்று ஒரு நாள்தான். எங்கள் வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை, அந்தப் பெண்ணின் அம்மா, நடுவில் நின்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காதில் தோடு இருந்தது. இன்னொரு காது மூளியாக இருந்தது.

"திருகாணி தேஞ்சு போச்சுன்னு கழட்டி, காயிதத்துல மடிச்சு, அலமாரில பவுடர் டப்பாக்குப் பக்கத்துல வெச்சனுங்க அக்கா. திங்கக்கெழமை வெச்சது. இப்பப் பாத்தா இல்லீங்க."

பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில். நான் அன்று அந்த அலமாரியில் காகிதம் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த டப்பாவுக்குள் நீலப் புள்ளியோடு என் குண்டன் உட்கார்ந்திருக்கிறான். டப்பாவைத் திறந்தால் கை வைத்தது யார் என்று தெரிந்துவிடும். கார்டு எடுத்தவள் தோடு எடுக்கவில்லை என்றால் லைனில் ஒருவராவது நம்புவாரா?

அத்தை யாரையும் கை நீட்டிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது மரியாதை இல்லை. கேட்கிற இடத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் பயம்.

"ஞாயித்துக்கெழமை அமாவாசைங்க. ஆனமலைக்குப் போயி அரச்சுப் பூசிப்போட்டு வந்துர்றேன். ஊட்டுக்குள்ள கை வெச்சவியள அவ பாத்துக்குவா. நீங்க தொணைக்கு வாங்க அக்கா. உங்க பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

"வாரேன். இதுக்கெல்லாம் தனியாப் போவக் கூடாது" என்றார் அம்மா.

ஊட்டுக்குள்ள கை வெச்சவிய. தோடு எடுத்தவர்கள் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. கை வெச்சவிய என்றால் அது நான். இந்த வார்த்தையை வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பள்ளிக்கூடத்தில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் நான் தப்பவில்லை.

திருப்பி வைத்துவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் போனேன். தாடிக்காரன் பாவாடை இடுப்பில் செருகி இருந்தான். அத்தை கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு வேணும்?"

"ஒண்ணுமில்லீங் அத்தை. அவ இருக்காளான்னு..."

"தலைக்கு ஊத்திட்டு இருக்கறா. என்ன வேணும், சொல்லு."

இரண்டாவது தடவை கேட்டபோது அவர் அரிசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன். மத்தியானம் மிளகாய் கிள்ளினேன். விரல் நுனி எரிந்தது. கழுவினேன். இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். அத்தை, அம்மா, நான். அந்தப் பெண் வரவில்லை. ஷிப்டு முடிந்து வருகிற அவள் அப்பாவுக்குச் சோறு ஆக்க வீட்டில் இருந்துவிட்டாள். இவ்வளவு நேரம் அவள் தனியாக இருக்கிறாள், டப்பாவைத் திறப்பாள் என்று வழியெல்லாம் நினைத்தேன். பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலைக்கு வேறு பஸ். தென்னந்தோப்புகளைத் தவிர அந்த வழியில் எதையும் பார்த்த ஞாபகம் இல்லை.

கோயிலில் கூட்டம். அரைக்கிற இடத்தில் ஆட்டுக்கல்லைச் சுற்றிப் பெண்கள். யாரும் பேசவில்லை. நெடி தாங்காமல் எல்லோரும் இருமிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அத்தை மிளகாயைப் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சுற்ற ஆரம்பித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாதி அரைத்ததும் நிறுத்தினார்.

"நீயும் ரெண்டு சுத்து சுத்திப்போடு கண்ணு. தொணைக்கு வந்தவியளும் கை வெக்கோணும்."

சந்தேகப்பட்டுச் சொன்னாரா, வழக்கத்துக்குச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. குழவியைப் பார்த்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதை நானாகச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

"கண்ணு எரியுதுங் அத்தை."

அத்தை என் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பக்கத்தில் அடுத்த முறைக்கு நின்ற பெண்கூட என்னைப் பார்த்தாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். "நவுருங்க, நான் அரைக்கறேன்" என்றார். இரண்டு சுற்று இல்லை. மீதி மிளகாய் முழுவதையும் அவரே அரைத்தார். வீட்டில் மாவாட்டும்போதுகூட அவர் அப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் கை வைத்தவர்கள் நாங்கள் இல்லை என்று அந்த அத்தைக்குக் காட்ட அரைத்தார். விழுதை இரண்டு பேருமாகக் கொண்டுபோய் நீதிக்கல்லில் பூசினார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பூசி முடிக்கிற வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை. கோழை.

திரும்பும்போது பொள்ளாச்சியில் பஸ்ஸில் முன் சீட்டில் அத்தைக்கு இடம் கிடைத்தது. நானும் அம்மாவும் பின்னால் உட்கார்ந்தோம். அம்மா எரிகிற கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். கிணத்துக்கடவு தாண்டியதும் என்னால் முடியவில்லை. இடுப்பிலிருந்து தாடிக்காரனை எடுத்து அவர் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, குடம், டப்பா, நீலப் புள்ளி. இது ஒன்றுதான் எடுத்தேன், அதற்கும் ஒன்று வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

அம்மா கையை உள்ளே இழுத்துக் கார்டை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பாக விரல் பதிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அத்தையின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"தோட்ட எங்க அம்மணி வெச்சிருக்கறே?"

நான் எடுக்கவில்லை என்றேன். உக்கடம் வருகிற வரை சொன்னேன். வீட்டுக்கு வந்தும் சொன்னேன். அவர் என் பெட்டியையும் புத்தகப் பையையும் கொட்டித் தேடினார். தலையணை உறையை உதறினார். கிடைக்கவில்லை. கிடைக்காததால் நான் எங்கேயோ போட்டுவிட்டேன் என்று முடிவு செய்தார். அத்தையிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் டப்பாவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு நானும் போகவில்லை. தேறிய கட்டு அப்படியே கிடந்தது. தோடு அகப்படவே இல்லை.

தொண்ணூறு நாளில் அம்மன் காட்டிவிடுவாள் என்று சொல்வார்கள். அந்தத் தொண்ணூறு நாளும் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருமினால் பார்த்தார். சாப்பாடு வேண்டாம் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல். அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாக ஆனைமலைக்குப் போய்விட்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அரைத்த கையே சாபத்தைத் திருப்பிக் கேட்கப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மன் கொடுத்தாளா என்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அம்மா வாரம் ஒரு முறை போன் செய்கிறார். எடுத்ததும் "ஒடம்பு நல்லாருக்குதா அம்மணி?" என்றுதான் கேட்பார். நல்லா இருக்குதுங்கம்மா என்பேன். இருமல், காய்ச்சல் ஒண்ணும் இல்லியே என்று இன்னொரு தடவை கேட்பார். பிறகுதான் மற்ற பேச்சு.